'ஏர்போர்ட் தெரிகிறது' என்று சொல்லிவிட்ட பிறகு

அமெரிக்காவில் விமானம் ஓட்டக் கற்க வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் மூன்றுதான். மொத்தம் எவ்வளவு செலவாகும், விசாவுக்கு என்ன செய்வது, ரேடியோவில் இவர்கள் பேசும் வேகம் புரியுமா. தப்பான ஏர்போர்ட்டில் இறங்கப் போய்விட்டால் என்ன ஆகும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எனக்கும் அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதனால் கேட்காவிட்டாலும் எழுதி வைக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கரூர். ஓக்லஹோமா மாநிலத்தில் துல்சாவில், விமானப் பராமரிப்பு வேலை. பகலெல்லாம் விமானத்தின் வயிற்றைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பவளுக்கு ஒருநாள் அதை ஓட்டிப் பார்க்கவும் ஆசை வந்தது. ஊருக்கு வெளியே ஒரு சிறிய பள்ளியில் சேர்ந்தேன். செஸ்னா 172 என்ற சின்ன விமானத்துக்கு வாடகை மணிக்கு 165 டாலர், இன்ஸ்ட்ரக்டருக்குத் தனியாக. ரூபாய்க்கு மாற்றிப் பார்ப்பதில்லை என்று அப்போதே ஒரு விரதம் வைத்துக்கொண்டேன்.

பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்க, மாணவர் தனியாக ஒரு நெடுந்தூரப் பயணம் போயாக வேண்டும். மொத்தம் 150 கடல் மைலாவது இருக்க வேண்டும், மூன்று இடங்களில் இறங்கி முழுதாக நிற்க வேண்டும், அதில் ஒரு கட்டமாவது நேர்க்கோட்டில் 50 கடல் மைல் இருக்க வேண்டும். என் திட்டம், துல்சாவிலிருந்து கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா, அங்கிருந்து பாங்கா சிட்டி, பிறகு வீடு. விச்சிட்டாவில் நான் இறங்க வேண்டிய இடம் ஜபாரா விமான நிலையம். கொரியப் போரில் சண்டையிட்ட ஜேம்ஸ் ஜபாரா என்ற விமானியின் பெயர் அதற்கு.

விச்சிட்டாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிக்கலே அங்கேதான். செஸ்னா, பீச், லியர்ஜெட் என்ற விமானக் கம்பெனிகள் எல்லாம் வளர்ந்த ஊர் அது. நகரின் கிழக்கு ஓரமாக வடக்கிலிருந்து தெற்கே நான்கு விமான நிலையங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. வடகோடியில் ஜபாரா. அதற்கு மூன்று மைல் தெற்கே பீச் தொழிற்சாலையின் சொந்த ஏர்போர்ட். அதற்கும் தெற்கே செஸ்னா தொழிற்சாலைக்கென்று ஒரு சின்ன ஓடுபாதை. தென்கோடியில் மெக்கனல் விமானப் படைத் தளம். நான்கிலும் ஓடுபாதைகள் ஏறத்தாழ வடக்குத் தெற்காகவே கிடக்கின்றன. ஜபாராவின் ஓடுபாதை 6,101 அடி, பீச்சினுடையது 8,000 அடி. மேலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் சட்டென்று தெரியாது. தரையில் காரில் போனால் இரண்டும் ஒரே வெப் ரோட்டின் ஓரமாகத்தான் வரும்.

அக்டோபர் மாதம், வார நாள், லீவு போட்டிருந்தேன். மேகமே இல்லை. தெற்கிலிருந்து லேசான காற்று. ஃபிளின்ட் ஹில்ஸ் புல்மேடுகளைத் தாண்டும்போது பாட்டுப் பாடிக்கொண்டு போனேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பக்கத்து சீட்டில் யாரும் இல்லாமல் அத்தனை தூரம் போவது ஒரு தனிச் சுகம். இந்த மாதிரிச் சம்பவங்கள் மழையிலும் மூடுபனியிலும் நடப்பவை என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிறகு படித்துப் பார்த்தால், பேர்போனவை பலவும் எல்லாம் பளிச்சென்று தெரிந்த பொழுதில் நடந்தவை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாத நாளில் கருவியை நம்பி இறங்குவோம், கருவி சரியான இடத்துக்குக் கொண்டுபோய்விடும். கண் தெரிகிற நாளில்தான் கருவியைப் பார்க்க மறக்கிறோம்.

தென்கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தேன். ஊரை நெருங்கும் விமானங்களுக்கு ரேடியோவில் வழி சொல்லும் விச்சிட்டா அப்ரோச் கட்டுப்பாட்டாளர் ரேடாரில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஜபாரா உங்களுக்கு நேர் எதிரே ஒன்பது மைல், தெரிந்ததும் சொல்லுங்கள்" என்றார். நான் ஜன்னல் வழியே இடமிருந்து வலமாக எண்ணினேன். பெரிய இரட்டை ஓடுபாதை, அது மெக்கனல். அடுத்தது பீச். அடுத்தது ஜபாரா. "ஏர்போர்ட் தெரிகிறது" என்று சொல்லிவிட்டேன். ரேடார் சேவை முடிந்தது, அலைவரிசை மாற்றிக்கொள்ளலாம், நல்ல நாளாக அமையட்டும் என்றார். நடுவில் இருந்த செஸ்னாவின் சின்ன ஓடுபாதையை நான் பீச் என்று எண்ணிவிட்டேன். டவுன் பஸ்ஸில் நிறுத்தத்தை எண்ணிக்கொண்டே வந்து ஒரு நிறுத்தம் முன்னால் இறங்குவது போலத்தான். செஸ்னா விமானத்தில் உட்கார்ந்துகொண்டு செஸ்னாவின் ஏர்போர்ட்டை விட்டுவிட்டேன், என்னத்தைச் சொல்ல.

"தெரிகிறது" என்று சொன்னதும் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. முதலாவது, உங்களைக் கவனித்துக்கொண்டிருந்த ஆள் போய்விடுகிறார். நீங்கள் இறங்கும் இடத்தில் டவர், அதாவது கட்டுப்பாட்டுக் கோபுரம், இல்லை என்றால், அதற்குப் பிறகு நீங்கள் தப்பாகத் திரும்பினாலும் சொல்ல யாரும் இல்லை. அப்போது ஜபாராவில் டவர் கிடையாது. இரண்டாவது, உங்கள் மூளை தேடுவதை நிறுத்திவிடுகிறது. அதற்குப் பிறகு கண்ணில் படுவதையெல்லாம் ஏற்கெனவே சொன்ன பதிலுக்குப் பொருத்திப் பார்க்கத்தான் தோன்றும். ஓடுபாதை கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது, "பரவாயில்லை, புகைப்படத்தில் எல்லாம் சின்னதாகத்தான் தெரியும்" என்று ஏதோ அர்த்தமில்லாத சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெரிய பெரிய தொழிற்சாலைக் கூரைகள் தெரிந்தன, விச்சிட்டாவில் தொழிற்சாலை இல்லாமலா என்று விட்டுவிட்டேன்.

ஜபாராவின் பொது அலைவரிசையில் என் இடத்தை அறிவித்துவிட்டு, ஓடுபாதைக்குக் கிழக்கே வடக்கு நோக்கி, டவுன்விண்ட் என்று சொல்லும் பக்கவாட்டுப் பாதையில் நுழைந்தேன். அப்போது ரேடியோவில் ஒரு பெரியவரின் குரல். "டவுன்விண்டில் இருக்கும் செஸ்னா, நானும் ஜபாராவில் டவுன்விண்டில்தான் இருக்கிறேன். உன்னைக் காணோமே, எங்கே இருக்கிறாய்?"

எனக்குக் கை சில்லிட்டது. முதலில் வந்தது பயம்கூட இல்லை, அவர் மேல் எரிச்சல். நான் இங்கேதானே இருக்கிறேன், இவருக்குக் கண் தெரியவில்லையா என்று. பிறகு கீழே பார்த்தேன். ஓடுபாதையின் பக்கத்தில் வரிசையாக விமானங்கள் நின்றன. ஒன்றிலும் பெயின்ட் இல்லை, எல்லாம் மங்கின பச்சை பிரைமர் பூச்சோடு. தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் வெளியே தள்ளி வைத்த விமானங்கள். அந்தப் பச்சையை நான் தினமும் வேலையில் பார்க்கிறவள். ஜிபிஎஸ் திரையைப் பார்த்தேன். ஜபாராவுக்கு இன்னும் மூன்று மைலுக்கு மேல் பாக்கி என்று காட்டிக்கொண்டிருந்தது. அது அவ்வளவு நேரமும் காட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இடம் தப்பு என்று தெரிந்த உடனே சரியான இடத்தைத் தேடத் தொடங்காதீர்கள். முதலில் இறங்குவதை நிறுத்துங்கள். பவர் முழுதாகக் கொடுத்து, மேலே ஏறி, ஓடுபாதையை விட்டு விலகிப் போங்கள். தேடுவது, வரைபடத்தைப் புரட்டுவது, வெட்கப்படுவது எல்லாம் அதற்குப் பிறகு. நான் கிழக்கே திரும்பி ஏறினேன், அப்ரோச் அலைவரிசைக்கே திரும்பப் போய், என் அழைப்புப் பெயரைச் சொல்லி, "ஜபாராவுக்கு வழிகாட்டுங்கள், குழம்பிவிட்டேன்" என்றேன். இதைச் சொல்ல வாய் வராது. ஆனால் அந்த ஒரு வரிக்கு அங்கே எல்லா உதவியும் கிடைக்கும். இன்ன திசையில் திரும்பு, நேரே மூன்று மைல், நெடுஞ்சாலையைத் தாண்டினால் ஜபாரா என்று பொறுமையாகக் கொண்டுபோய் விட்டார். கடைசியில் அதே குரலில், "விதிமீறலாக இருக்கலாம், ஒரு போன் நம்பர் தருகிறேன், எழுதிக்கொள்ளத் தயாரா?" என்றார். பீச்சில் டவர் உண்டு. அவர்கள் வான்வெளிக்குள் பேசாமல் நுழைந்திருக்கிறேன்.

இறங்கி, விமானத்தைக் கட்டி வைத்துவிட்டு ஓய்வறையில் உட்கார்ந்தேன். முழங்கால் பலகையில் கிறுக்கியிருந்த நம்பரில் ஒரு எண் ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. போன் பேசும்போது அழக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். எடுத்தவர் அன்பாகத்தான் பேசினார். பெயர், லைசென்ஸ் நம்பர், என்ன நடந்தது, அவ்வளவுதான். நடந்ததைச் சுருக்கமாக, உள்ளபடி சொல்லுங்கள். வக்கீல் மாதிரி வாதாடவும் வேண்டாம், கேட்காத கதையெல்லாம் கொட்டவும் வேண்டாம். அப்புறம், நடுக்கம் போகாமல் திரும்பப் பறக்காதீர்கள். நான் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே உட்கார்ந்திருந்து, வெண்டிங் மெஷினில் வாங்கின கடலையைத் தின்றுவிட்டுத்தான் கிளம்பினேன். இன்ஸ்ட்ரக்டரை அங்கிருந்தே கூப்பிட்டுச் சொன்னது நல்லதாகப் போயிற்று. நான் வந்து சேர்வதற்குள் பள்ளிக்கு வேறு வழியாகச் செய்தி போயிருந்தது. முதலில் என் வாயால் கேட்டதால் அவர் என் பக்கம் நின்றார்.

பாங்கா சிட்டியை விட்டுவிட்டு நேராக வீடு வரச் சொன்னார். அதனால் அன்றைய பறத்தல் நெடுந்தூரப் பயணக் கணக்கில் சேரவில்லை. அந்த வாடகை அத்தனையும் வீண். பள்ளியில் என் சோலோ அனுமதியை நிறுத்தி வைத்தார்கள். இன்ஸ்ட்ரக்டரோடு மறுபடியும் வழிகண்டறியும் பயிற்சி, மறுபடியும் விச்சிட்டா, அப்புறம் மறுபடியும் தனியாக அந்தப் பயணம். செக்ரைடு என்ற லைசென்ஸ் தேர்வுக்கு வாங்கியிருந்த தேதி கையைவிட்டுப் போனது. அடுத்த தேதி கிடைப்பதற்குள் குளிர்காலம் வந்துவிட்டது, பனியும் காற்றும் பார்த்துப் பார்த்து நாள் தள்ளிப் போனது. எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 2,400 டாலர். அன்றைக்கு விரதம் கலைந்து ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. பணத்தைவிட மோசம், யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தது. அம்மாவிடம் சொன்னால் பறப்பதையே விடச் சொல்வாள். வேலையிடத்தில் சொன்னால் சிரிப்பார்கள் என்று பயம். ராத்திரி படுத்தால் அந்தப் பச்சை விமானங்கள்தான்.

அப்படி ஒரு ராத்திரியில்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 2013 நவம்பர் 20 அன்று இரவு, இதே விச்சிட்டாவில், போயிங் 747-ஐ மாற்றிக் கட்டிய டிரீம்லிஃப்டர் என்ற ராட்சதச் சரக்கு விமானம், மெக்கனலுக்குப் போக வேண்டியது, வடக்கிலிருந்து வந்து ஜபாராவில் இறங்கிவிட்டது. நான் தெற்கிலிருந்து வந்து ஒன்று முன்னால் நின்றேன், அவர்கள் வடக்கிலிருந்து வந்து அதே வரிசையில் முதலிலேயே நின்றுவிட்டார்கள். இறங்கிய பிறகும் எந்த ஏர்போர்ட் என்று தெரியாமல், முதலில் பீச் என்றே நினைத்திருக்கிறார்கள். விமானி தன் கையெழுத்தே தனக்குப் புரியவில்லை என்று ரேடியோவில் சொல்லியிருக்கிறார். என் ஒன்றும் ஏழும் ஞாபகம் வந்தது. மறுநாள் அந்த 6,101 அடியிலேயே ஏறிப் பறந்து போனார்கள்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2014 ஜனவரி 12 அன்று மிசூரி மாநிலத்து பிரான்சனில் 124 பயணிகளோடு வந்த ஒரு போயிங் 737, 7,140 அடி ஓடுபாதைக்குப் பதில் பக்கத்து ஊர் ஏர்போர்ட்டின் 3,738 அடி ஓடுபாதையில் இறங்கி, முடிவுக்குச் சில நூறு அடி முன்னால் நின்றது. 2016 ஜூலையில் தெற்கு டகோட்டாவில் ராப்பிட் சிட்டிக்குப் போன ஒரு பயணிகள் விமானம் பக்கத்து எல்ஸ்வர்த் விமானப் படைத் தளத்தில் இறங்கியது. நம் பக்கமும் உண்டு. 1972-ல் பம்பாய் சாந்தாகுரூஸுக்கு வந்த ஒரு ஜப்பானிய டிசி-8 விமானம் பக்கத்துச் சின்ன ஜுஹு ஏர்போர்ட்டில் இறங்கி ஓடுபாதையைத் தாண்டி ஓடியது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்கள் இவர்கள். படித்ததும் கொஞ்சம் தூக்கம் வந்தது என்பது உண்மை.

பிரான்சன் சம்பவத்துக்குப் பிறகு அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் செய்த பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்தது. வழியில் குழப்பக்கூடிய வேறு ஏர்போர்ட் இருந்தால், விமானம் அதைத் தாண்டின பிறகுதான் இறங்க அனுமதி தர வேண்டும் என்று கட்டுப்பாட்டாளர்களுக்குச் சொல்லச் சொன்னது. மாணவர்களாகிய நாமும் அதையே நமக்கு வைத்துக்கொள்ளலாம். வழியில் உள்ள மற்ற ஏர்போர்ட்டைத் தாண்டும்வரை "தெரிகிறது" என்று சொல்வதில்லை. "தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று சொன்னால் கட்டுப்பாட்டாளர் கோபித்துக்கொள்வதில்லை, உங்களை விடுவதும் இல்லை. இரண்டாம் முறை போனபோது மூன்று தடவை அப்படித்தான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் தூரத்தைத் திருத்திச் சொன்னார், அவ்வளவுதான்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது, போகிற இடத்தைப் பார்ப்பதோடு, அதைச் சுற்றிப் பத்து மைலுக்குள் வேறு என்னென்ன ஓடுபாதை இருக்கிறது என்று பார்ப்பது. எண்ணிக்கையை நம்பாதீர்கள், பக்கத்தில் நகராத ஒன்றைப் பிடியுங்கள். ஜபாராவுக்குச் சற்றுத் தெற்கே கே-96 நெடுஞ்சாலை போகிறது. நான்குவழிச் சாலை என் ஓடுபாதைக்குத் தெற்கே இல்லை என்றால் அது ஜபாரா இல்லை. ஜிபிஎஸ்ஸில் இடத்தைப் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது, பாதையில் நுழையும்போது மீதித் தூரத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஐஎல்எஸ் என்ற, ரேடியோ அலையால் வழிகாட்டும் ஏற்பாடு இருக்கிற ஓடுபாதை என்றால், கண்ணால் பார்த்து இறங்கினாலும் அதன் அலைவரிசையைப் போட்டு வையுங்கள், கருவியின் முள் ஒரு பக்கம் முட்டிக்கொண்டு நின்றால் அங்கே ஏதோ சரியில்லை. இரவில் ராணுவத் தளத்தின் சுழல்விளக்கு ஒவ்வொரு பச்சைக்கும் நடுவில் இரண்டு முறை வெள்ளை அடிக்கும், சாதாரண ஏர்போர்ட்டில் ஒரு முறைதான். டவர் இல்லாத இடங்களில் மைக் பொத்தானை ஐந்து முறை அழுத்தினால் ஓடுபாதை விளக்கின் வெளிச்சம் மாறும் வசதி பல இடங்களில் உண்டு. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் விளக்கு அசையவே இல்லை என்றால், அது உங்கள் ஏர்போர்ட்டா என்று இன்னொரு தடவை பாருங்கள். ஒருவேளை இறங்கியே விட்டீர்கள் என்றால், யாரும் பார்க்கவில்லை என்று திரும்ப ஏறிவிடாதீர்கள். நின்று, போன் செய்து, கேட்டுவிட்டு அப்புறம் கிளம்புங்கள்.

கடைசியாக, எனக்கு நேரத்தோடு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் நினைப்பது ஒன்று உண்டு. சரக்கு விமானம் ஓட்டும் கோயம்புத்தூர் அண்ணா ஒருவர் தெரிந்தவர் வீட்டு விசேஷத்தில் பழக்கம். தாங்க முடியாமல் அவருக்குப் போன் போட்டேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "சரி, நாசா ஃபார்ம் போட்டியாம்மா?" என்றார்.

"நாசாவா? அது எதுக்குண்ணா?"

"அது கூடச் சொல்லித் தரலையா உங்க ஸ்கூல்ல? பத்து நாள்தான் கெடு. போனை வை, போய் முதல்ல அதைப் போடு."

விமானிகள் தங்களுக்கு நேர்ந்ததைத் தாங்களே எழுதி அனுப்பும் பாதுகாப்பு அறிக்கைத் திட்டம் அது, நாசா நடத்துகிறது. வேண்டுமென்று செய்யாத, விபத்தாகாத விதிமீறலாக இருந்து, 10 நாளுக்குள் அறிக்கை அனுப்பியிருந்தால், குற்றம் என்று முடிவானாலும் பொதுவாக அபராதமோ லைசென்ஸ் நிறுத்தமோ விதிப்பதில்லை. மாணவர்களுக்கும் பொருந்தும். காசு கிடையாது, இணையத்திலேயே எழுதலாம். நான் கெடு முடியும் தறுவாயில் போட்டேன். என் விஷயத்தில் அது தேவைப்படாமலே போனது. சில வாரம் கழித்து விமானப் போக்குவரத்து ஆணையத்தின் ஆய்வாளர் கூப்பிட்டு, பள்ளியில் செய்த மறுபயிற்சியின் விவரம் கேட்டு, அதோடு முடித்துக்கொண்டார். ஆனால் முதலிலேயே தெரிந்திருந்தால் அந்த ராத்திரிகளில் நான் தூங்கியிருக்கலாம். அறிக்கையில் நம் பெயர் இருக்கும் துண்டை மட்டும் தேதி முத்திரையோடு நமக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நேரத்தோடு போட்டோம் என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் சான்று அதுதான்.